பழைய கணினியிலிருந்து புதியதற்குப் பாட்டுகளை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புது லப்டொப் வாங்குகிறார்கள். வாங்கிய வாரமே எனக்கு அழைப்பு வரும். படங்களையும் ஆவணங்களையும் எப்படியோ மாற்றிவிடுவார்கள், பாட்டில்தான் மாட்டிக்கொள்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாட்டு போல்டரை அப்படியே கொப்பி பண்ணினால் காணாதா?

பாட்டு ஓடினால் போதும் என்றால் காணும். ஆனால் பாட்டுச் சேகரிப்பு என்பது இரண்டு பொருள். ஒன்று, பாட்டுக் கோப்புகள். மற்றது, அவற்றின் மேல் நீங்கள் வருடக்கணக்காகச் செய்த வேலை: பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பு, எத்தனை தடவை கேட்டீர்கள், எந்தத் திகதியில் சேர்த்தீர்கள் என்பவை. கோப்புகள் போல்டரில் இருக்கின்றன. அந்த வேலையில் பெரும்பகுதி பாட்டு மென்பொருளின் தனித் தரவுக் கோப்பில், வேறொரு இடத்தில் இருக்கிறது. போல்டரை மட்டும் தூக்கினால் முதலாவது வரும், இரண்டாவது பழைய கணினியோடு போய்விடும்.

பாட்டின் பெயர், பாடியவர், படம் அல்லது அல்பம் போன்ற விவரங்களைப் பற்றிப் பயம் வேண்டாம். எம்பி3 கோப்புக்குள்ளேயே அவை எழுதப்பட்டிருக்கும். அதை டாக் என்கிறோம். கோப்பு போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

என்னட்ட எவ்வளவு பாட்டு இருக்கெண்டே தெரியாது. எவ்வளவு பெரிய டிரைவ் வாங்க வேணும்?

முதலில் தேடிப் பாருங்கள். பாட்டு மியூசிக் போல்டரில் மட்டும் இருப்பதில்லை. டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப், டி டிரைவ், யாரோ பெயர் வைக்காமல் விட்ட 'நியூ போல்டர் 3' என்று எங்கும் கிடக்கும். விண்டோஸில் ஒவ்வொரு டிரைவாகத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'கைண்ட்' என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் 'மியூசிக்' என்று எழுதுங்கள். எல்லா வகைப் பாட்டுக் கோப்பும் வந்து நிற்கும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து புரொப்பர்ட்டீஸ் பார்த்தால் மொத்த அளவு தெரியும்.

குத்துமதிப்பாகச் சொன்னால், பிட்ரேட் (ஒரு விநாடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) 128 கேபிபிஎஸ் உள்ள எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பி அளவு, 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. சிடியிலிருந்து சுருக்காமல் எடுத்த வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 எம்பி. தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்பு ஏறத்தாழ அதில் பாதி. 8,000 எம்பி3 பாட்டு இருந்தாலும் அநேகமாக 60 ஜிபிக்குள் அடங்கும். இருந்தாலும் சேகரிப்பைப் போல இரண்டு மடங்கு இடமுள்ள டிரைவையே வாங்குங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

பென் டிரைவா, வெளி ஹார்ட் டிஸ்கா, வைஃபையா? எது நல்லது?

என் தெரிவு வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது வெளி எஸ்எஸ்டி. மலிவான பென் டிரைவ் பல, விநாடிக்கு 8 எம்பி போலத்தான் எழுதும். 60 ஜிபிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், இடையில் சூடேறும். யூஎஸ்பி 3 வெளி டிஸ்க் என்றால் அதே வேலை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். பழைய கணினியில் யூஎஸ்பி 2 துளை மட்டும் இருந்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். வீட்டு வைஃபையில் கணினிக்குக் கணினி அனுப்பலாம். ஆனால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் போகும்போது எங்காவது விட்டுவிடும். நான் அதைப் பாவிப்பதில்லை.

விண்டோஸும் மெக்கும் இரண்டும் உள்ள வீடென்றால் டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில் போர்மட் செய்யுங்கள். இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். விண்டோஸின் வழமையான முறையான என்டிஎஃப்எஸ் டிரைவை மெக் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது.

கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போயிடுமா?

கொப்பி செய்திருந்தால் ஒன்றும் போகாது. கட் செய்து ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது படித்த பாடம் இது: பாட்டை ஒருபோதும் கட் பண்ணாதீர்கள், கொப்பி மட்டும். மூலம் இருந்த இடத்தில் இருக்கும்வரை எத்தனை தடவையும் திருப்பிச் செய்யலாம்.

கரண்ட் போன நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு கோப்பு பாதியில் நின்றிருக்கும். அது அளவில் சரியாகத் தெரிந்தாலும் நம்பாமல் அழித்துவிட்டு, முழு போல்டரையும் மறுபடி கொப்பி செய்து, 'ஏற்கனவே உள்ளதைத் தவிர்' என்று கொடுங்கள். விட்டது மட்டும் போய்ச் சேரும். விண்டோஸோடு வருகிற ரோபோகொப்பி இதைத் தானாகவே செய்யும், கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் அதையே பாவிக்கலாம். லப்டொப்புக்கு பற்றரி இருக்கிறது, ஆனால் 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்குத் தனி மின் அடப்டர் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாம் வந்துட்டுதா எண்டு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பாட்டாக் கேட்க ஏலுமா?

தேவையில்லை. இரண்டு பக்கமும் போல்டரில் வலது சொடுக்கி புரொப்பர்ட்டீஸ் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும், பைட் கணக்கில் எழுதியிருக்கும் 'சைஸ்' எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே 'சைஸ் ஒன் டிஸ்க்' என்று இன்னொரு வரி இருக்கும். அது டிரைவுக்கு டிரைவு மாறும். அதைப் பார்த்துப் பயந்து என்னை அழைத்தவர்கள் அதிகம்.

எண்ணிக்கை இரண்டு மூன்று குறைந்தால், அல்பம் படங்களுக்காக விண்டோஸ் மறைத்து வைத்திருக்கிற கோப்புகளாக இருக்கக்கூடும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு மறுபடி எண்ணுங்கள். அதற்குப் பிறகு வேறு வேறு போல்டர்களில் பத்துப் பாட்டைத் திறந்து, நடுவிலிருந்து ஓடவிட்டுக் கேளுங்கள். தொடக்கம் மட்டும் கேட்டால் பாதியில் வெட்டுப்பட்டது தெரியாது.

பிளேலிஸ்டைத் திறந்தால் பெயர் எல்லாம் இருக்கு, ஒரு பாட்டும் ஓடுதில்லை. பாட்டு அழிஞ்சிட்டுதா?

அழியவில்லை. பிளேலிஸ்ட் என்பது பாட்டுகள் இருக்கும் முகவரிகளின் பட்டியல் மட்டுமே. பழைய கணினியில் பாட்டு டி டிரைவில் இருந்தது, புதியதில் சி டிரைவில் போட்டீர்கள். பட்டியல் இன்னும் டி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எம்3யூ வகைப் பிளேலிஸ்ட் என்றால் அதை நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரியிலும் முகவரி தெரியும். பழைய முகவரியைத் தேடிப் புதியதால் மாற்றச் சொல்லி ஒரே தடவையில் திருத்தலாம். முன்கூட்டியே யோசிக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம்: புதுக் கணினியிலும் அதே டிரைவ் எழுத்து, அதே போல்டர் பெயர் வைத்தால் ஒன்றையும் தொட வேண்டாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்தால் பிளேலிஸ்டை எம்3யூ8 ஆகச் சேமியுங்கள். சாதாரண எம்3யூவில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடுவதுண்டு. மாறிவிட்டால் அந்த வரிகளைக் கையால்தான் திரும்ப எழுத வேண்டும்.

ஐடியூன்ஸ் பாவிக்கிறேன். நட்சத்திரமும் எத்தனை தரம் கேட்டதென்ற கணக்கும் வேண்டும்.

முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது பொருள் இதுதான். பழைய கணினியில் பைல் மெனுவில் லைப்ரரிக்குள் போய், ஓர்கனைஸ் லைப்ரரியில் 'கொன்சொலிடேட் பைல்ஸ்' என்பதைக் கொடுங்கள். அங்கங்கே சிதறிக்கிடக்கிற பாட்டுகளின் பிரதியை அது ஒரே இடத்தில் சேர்க்கும். இடம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐடியூன்ஸை மூடிவிட்டு, மியூசிக் போல்டருக்குள் இருக்கிற ஐடியூன்ஸ் போல்டரை முழுதாக, ஒன்றும் விடாமல் கொப்பி செய்யுங்கள். ஐடிஎல் என்று முடிகிற கோப்பில்தான் உங்கள் நட்சத்திரங்களும் எண்ணிக்கைகளும் இருக்கின்றன.

புது விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸை நிறுவி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். நீங்கள் கொண்டுவந்ததைக் காட்டுங்கள். மெக்கில் 2019 இல் வந்த கட்டலினா முதல் ஐடியூன்ஸ் இல்லை, அதன் இடத்தில் மியூசிக் என்ற செயலி இருக்கிறது. அங்கே ஷிஃப்டுக்குப் பதில் ஒப்ஷன் விசை.

வினாம்ப், மியூசிக்பீ, விண்டோஸ் மீடியா பிளேயர் எல்லாத்துக்கும் இதே கதைதானா?

கதை அதேதான், தரவுக் கோப்பு இருக்கும் இடம்தான் வேறு. வினாம்பில் உங்கள் பயனர் கணக்கின் மறைந்த அப்டேட்டா போல்டருக்குள் வினாம்ப் என்ற போல்டர் இருக்கும், அதை முழுதாக எடுங்கள். மியூசிக்பீக்குத் தன் லைப்ரரிக் கோப்பு உண்டு, ஐடியூன்ஸ் லைப்ரரியையும் அது உள்ளே எடுக்கும். எதைப் பாவித்தாலும் பிளேலிஸ்டுகளை எம்3யூ8 ஆக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மென்பொருள் மாறினாலும் பெரும்பாலானவை அதைப் படிக்கும்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குழம்பி வருகுது. சிலதில் பெட்டி, சிலதில் கேள்விக்குறி, சிலதில் ஆங்கில எழுத்து. மாற்றும்போது பழுதாகிட்டுதா?

மாற்றும்போது பழுதாகவில்லை. பழைய கணினியிலேயே இருந்த மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இப்போதுதான் வெளியே தெரிகின்றன.

பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, அந்த மென்பொருளிடம் தமிழ் எழுத்துரு இல்லை. மென்பொருளைப் புதுப்பித்தாலோ வேறொன்றில் திறந்தாலோ சரியாகிவிடும். கேள்விக்குறியாக வந்தால் மனம் கொஞ்சம் தளரத்தான் வேண்டும். யாரோ ஒரு காலத்தில் தமிழ் தெரியாத மென்பொருளில் சேமித்திருக்கிறார்கள், அந்த எழுத்துகள் அப்போதே போய்விட்டன. கோப்பின் பெயரையோ சிடி உறையையோ பார்த்துத் திரும்ப எழுதுவதுதான் வழி.

மூன்றாவதுதான் எங்கள் ஊரில் அதிகம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறை பரவுவதற்கு முன்பு இலங்கையில் பலரும் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால், உள்ளே சேமிக்கப்படுவது ஐந்து குறிகள்: ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு ஹெச். பாமினி எழுத்துரு அதன் மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டியது. பாட்டு மென்பொருளுக்கு அந்த எழுத்துரு தெரியாது, ஆங்கில எழுத்தாகவே காட்டுகிறது. இது முழுதாக மீட்கக்கூடியது. அந்த வரியைக் கொப்பி செய்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிற இலவசக் கருவி ஒன்றில் ஒட்டி, வருகிற தமிழைத் திரும்ப டாக்கில் போடுங்கள். விண்டோஸில் எம்பி3டாக் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு நல்லது. தெரிவுகளில் டாக் எழுதும் முறையான ஐடி3 இன் இரண்டாம் பதிப்பு, யூடிஎஃப்-16 என்று வைத்துச் சேமித்தால் பழைய கருவிகளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும். பெயர்கள் சரியாக 30 எழுத்தில் வெட்டுப்பட்டு நின்றால், அவை ஐடி3 முதல் பதிப்பில் எழுதப்பட்டவை. அதில் அதற்கு மேல் இடமே இல்லை.

பழைய மெக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறினேன். பிளேலிஸ்டில் சில தமிழ்ப் பாட்டுகள் மட்டும் திறக்கவில்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது.

கண்ணுக்குச் சரி, கணினிக்கு வேறு. 'கொழும்பு' என்ற சொல்லை எடுங்கள். அதிலுள்ள 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மெக் டிஸ்க் முறையான எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்து இரண்டு குறியாகவே வைத்தது. பிளேலிஸ்டில் ஒரே குறியாக எழுதப்பட்டிருந்தால் விண்டோஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர் என்றே கொள்ளும்.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் உள்ள பெயர்கள் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால் காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். புதுக் கணினியில் அந்தப் பாட்டுகளைப் பிளேலிஸ்டிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் சரிவரும். கோப்பின் பெயரை எளிமையாக வைத்து, தமிழை டாக்கில் முழு அழகோடு எழுதுவதுதான் என் வழக்கம். அதனால் எனக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

ஒவ்வொரு பாட்டும் இரண்டு தரம் தெரியுது. ஒன்று 4 கேபி, ஓடாது.

மெக்கில் எக்ஸ்ஃபாட் டிரைவுக்குக் கொப்பி செய்ததால் வருவது. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்குகிற அந்தச் சின்னக் கோப்புகள் மெக் தன் குறிப்புக்காக எழுதியவை. விண்டோஸில் அழித்துவிடலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே பாட்டு மூன்று இடத்தில் கிடக்கு. மாற்றும்போதே துப்புரவாக்கினால் என்ன?

வேண்டாம். வீடு மாறும்போது அலமாரியை ஒழுங்குபடுத்துவது போல நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால் மாற்றும்போது அழித்தால், எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் அது அழித்ததா தொலைந்ததா என்று தெரியாது. முதலில் அழுக்கோடு முழுதாக மாற்றுங்கள், எண்ணிப் பாருங்கள், அப்புறம் ஆறுதலாகத் துப்புரவாக்குங்கள். மூன்று பிரதியில் எதை வைப்பது என்றால் பெரிய பிட்ரேட் உள்ளதை. 128 ஐ 320 ஆக மாற்றிச் சேமித்தால் தரம் கூடாது, இடம்தான் கூடும்.

துப்புரவாக்கும்போது பெயர்களையும் ஒன்றாக்குங்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் என்பதே புள்ளியோடு, புள்ளியில்லாமல், இடைவெளியோடு, ஆங்கிலத்தில் என்று நாலு பேராகப் பிரிந்திருப்பதை எத்தனையோ கணினியில் பார்த்திருக்கிறேன். திரைப்பாட்டுக்குப் பாடகர்களை 'ஆர்ட்டிஸ்ட்' இலும் இசையமைப்பாளரை 'கொம்போசர்' இலும் போட்டு, 'அல்பம் ஆர்ட்டிஸ்ட்' இல் இசையமைப்பாளரை மறுபடி எழுதினால் ஒரு படத்தின் பாட்டுகள் சிதறாது.

சேர்த்த திகதி எல்லாம் இண்டைய திகதியாக மாறிட்டுது. திருத்தலாமா?

விண்டோஸில் கொப்பி செய்யும்போது 'உருவாக்கிய திகதி' புதிதாகும், 'மாற்றிய திகதி' பழையபடியே இருக்கும். அதனால் மாற்றிய திகதியை வைத்து வரிசைப்படுத்துங்கள், கிட்டத்தட்டப் பழைய ஒழுங்கு வரும். ஐடியூன்ஸில் லைப்ரரியோடு கொண்டுவந்திருந்தால் திகதியும் அப்படியே இருக்கும்.

பழைய கொம்பியூட்டர் ஓன் ஆகுதே இல்லை, தம்பி. பாட்டு எல்லாம் அதுக்குள்ளதான்.

ஓன் ஆகாதது பெரும்பாலும் மதர்போர்டோ மின் பகுதியோ, அன்ரி. டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டுப் புதுக் கணினியில் செருகினால் அது ஒரு வெளி டிஸ்க்தான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் அந்த உறை கிடைக்கும். டிஸ்க் 2.5 அங்குலமா 3.5 அங்குலமா, அதன் இணைப்பு வகை சாட்டாவா பழைய ஐடிஈயா என்று பார்த்துச் சொல்லி வாங்க வேண்டும். கையில் டிஸ்கையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' கொடுத்துக் கொஞ்சம் பொறுங்கள். அண்மைக்கால லப்டொப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்து 48 இலக்கச் சாவி கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் கேளுங்கள். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், மறுபடி மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் உள்ளே காயம் கூடும். தரவு மீட்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். டிஸ்க் மெதுவாக ஆனால் ஓடிக்கொண்டிருந்தால், வேறெங்கும் கிடைக்காததை முதலில் எடுங்கள். படப்பாட்டு பிறகு வரட்டும்.

சிடியிலிருந்து கொப்பி பண்ணினேன். 1 கேபி கோப்புதான் வந்தது.

அது ஓடியோ சிடி. அதில் தெரிகிற சிடிஏ கோப்புகள் வெறும் சுட்டிகள், உண்மையில் 44 பைட் தான். பாட்டை 'ரிப்' செய்துதான், அதாவது பாட்டு மென்பொருளால் கோப்பாக மாற்றித்தான் எடுக்க வேண்டும். ஃப்ளாக்கில் எடுத்தால் தரம் ஒன்றும் போகாது. நூறு பாட்டு இருக்கிற எம்பி3 சிடி என்றால் சாதாரணமாகக் கொப்பி செய்யலாம். புது லப்டொப்பில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில், வீட்டில் எழுதிய சிடிகள் அலமாரியில் இருந்தபடியே படிக்க முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா ரேடியோவில் இருந்து பதிஞ்ச கசெட்டுகளை கொம்பியூட்டரில் ஏத்தி வச்சிருக்கிறம். அதுக்கு வேற கவனம் வேணுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். படப்பாட்டு தொலைந்தால் நாளைக்கே வேறெங்காவது கிடைக்கும். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளில் கசெட்டில் பதிந்தார்கள். நிகழ்ச்சியின் நடுவில் வரும் அறிவிப்பாளரின் குரல், பிறந்தநாள் வாழ்த்தில் வாசிக்கப்பட்ட உங்கள் வீட்டுப் பெயர், கோயில் திருவிழா நாதஸ்வரம், மாமாவின் கல்யாணத்தில் பாடிய பாட்டி, இவற்றுக்கு உங்கள் கணினியில் இருக்கிற பிரதிதான் உலகத்தில் ஒரே பிரதியாக இருக்கலாம்.

ஆகவே இவற்றை முதலில், தனியாக, இரண்டு வெவ்வேறு டிரைவில் எடுங்கள். வேவ் கோப்பாக இருந்தால் எம்பி3 ஆக்கிவிட்டு வேவை அழிக்காதீர்கள். 60 நிமிடக் கசெட் ஒன்று 600 எம்பி அளவுதான் வரும், இன்றைய டிஸ்கில் அது பெரிய இடமில்லை. அறிவிப்பையும் இடைவெளியையும் வெட்டாத முழுக் கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு, வெட்டிய பாட்டுகளை வேறு போல்டரில் வையுங்கள்.

எங்கள் அப்பாவின் கசெட்டுகளை ஏற்றியபோது நான் ஒரு பிழை விட்டேன். கோப்புகளுக்கு 'சைட் ஏ', 'சைட் பி' என்று மட்டும் பெயர் வைத்தேன். விவரம் எல்லாம் உறையில், நீல போல்பொயின்ட் பேனாவில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: திகதி, பாடியவர், சில இடங்களில் 'மழை இரைச்சல்' என்று ஒரு குறிப்பு. உறைகள் பிறகு பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டன. பாதியை வாசிக்க முடியவில்லை. நீங்கள் ஒவ்வொரு உறையையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, அந்த ஒலிக்கோப்பு இருக்கிற அதே போல்டரில் போடுங்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் இருத்தி ஓடவிட்டு, அது யாருடைய குரல், எந்த வருடம் என்று கேட்டு டாக்கின் 'கொமென்ட்' பகுதியில் எழுதுங்கள்.

ஸ்பொட்டிஃபையில் டவுன்லோட் பண்ணி வைத்ததையும் கொண்டுபோகலாமா?

முடியாது. அவை பூட்டிய கோப்புகள், அந்தச் செயலிக்குள் மட்டும் ஓடும். புதுக் கணினியில் கணக்கில் நுழைந்தால் உங்கள் பட்டியல்கள் தானாக வரும், பாட்டை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஐடியூன்ஸ் கடையில் 2009 இற்கு முன் வாங்கிய எம்4பி கோப்புகளும் பூட்டியவைதான். அவற்றுக்குப் புதுக் கணினியை அதே கணக்கில் அனுமதிக்க வேண்டும். ஒரு கணக்குக்கு 5 கணினி வரை.

கிளவுட்டில் போட்டுவிட்டால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லையே?

கூடுதல் பிரதியாக நல்லது, மாற்றும் வழியாக மெதுவானது. ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 60 ஜிபி போக விடாமல் 27 மணித்தியாலம் ஆகும், டேட்டாவும் போகும். இலவச இடம் மைக்ரோசொஃப்டின் வன்டிரைவில் (OneDrive) 5 ஜிபி, கூகுள் டிரைவில் 15 ஜிபி.

வன்டிரைவ் பாவிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் பாட்டு உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த போல்டரில் வலது சொடுக்கி 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகே கொப்பி செய்யுங்கள்.

புது லப்டொப்பில் ஐபோனைக் குத்தினேன். எல்லாப் பாட்டையும் அழித்து ஒத்திசைக்கவா என்று கேட்கிறது.

கான்சல் கொடுங்கள். போன் ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியோடுதான் சேரும். வெறும் லைப்ரரியோடு ஒத்திசைத்தால் போனில் உள்ள பாட்டும் போய்விடும். முன்பு சொன்னபடி லைப்ரரியைக் கொண்டுவந்த பிறகே செருகுங்கள்.

கணினி போய்ப் பழைய ஐபொட் மட்டும் மிஞ்சியிருந்தால் நம்பிக்கையை விட வேண்டாம். அதைச் செருகி மறைந்த போல்டர்களைக் காட்டச் சொன்னால், ஐபொட் கொன்ட்ரோல் என்ற போல்டருக்குள் மியூசிக் இருக்கும். கோப்புகளுக்குப் பொருளில்லாத நாலெழுத்துப் பெயர்கள்தான். ஆனால் டாக் உள்ளே பத்திரமாக இருக்கும், எம்பி3டாக் அதை வைத்துப் பெயர்களைத் திரும்ப எழுதிக் கொடுக்கும்.

பழைய கொம்பியூட்டரை மருமகனுக்குக் குடுக்கப் போறன். எப்ப அழிக்கலாம்?

ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதம் முழுக்கப் புதியதில் மட்டும் பாட்டுக் கேளுங்கள். விடுபட்டது எது என்பது ஏதாவது ஒரு பாட்டைத் தேடும்போதுதான் தெரியவரும். அழிக்கிற நாளில் பாட்டு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: புதுக் கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று. மாற்றப் பாவித்த டிஸ்கை வேறு வேலைக்கு எடுக்காமல் அப்படியே வைத்தால் அதுவே இரண்டாவது பிரதி. இனிச் சேரும் பாட்டுக்கும் அதில் இடம் வேண்டும் என்றுதான் இரண்டு மடங்கு டிரைவ் வாங்கச் சொன்னேன். கசெட் பதிவுகளுக்கு மூன்றாவது ஒன்று, வேறு வீட்டில். எங்களுடையது யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. வருடத்தில் ஒரு தடவை போகும்போது செருகிப் பார்த்து, புதியதைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.

பிறகு பழையதில் ஐடியூன்ஸ் அனுமதியை நீக்கி, விண்டோஸின் 'ரீசெட்' இல் எல்லாவற்றையும் அகற்றச் சொல்லி, டிரைவைத் துப்புரவாக்கவும் என்பதையும் தெரிவுசெய்து, மருமகனிடம் கொடுங்கள். அவர் கேட்க விரும்பும் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கூடவே கொடுக்கலாம்.